எம்ஜிபி ஜிடி: பாதியில் நின்ற காரா, ஓடுகிற காரா?

லெஸ்டர் செந்தில்:

வணக்கம். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். ரொம்ப நாளாக எம்ஜிபி ஜிடி ஒன்று வாங்க ஆசை. வீட்டோடு ஒரு கார் நிற்கிற அளவுக்கு கராஜ் இருக்கிறது, மனைவியும் சரி என்று சொல்லிவிட்டார். கையில் 8,000 பவுண்டு வரை வைத்திருக்கிறேன். தினமும் ஆபீஸ் போக வேறு கார் இருக்கிறது, இது சனி ஞாயிறுக்கு மட்டும்.

இரண்டு கார் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1972, குரோம் பம்பர், 3,500 பவுண்டு கேட்கிறார்கள். யாரோ வேலையை ஆரம்பித்துப் பாதியில் விட்டது. என்ஜின் வெளியே கிடக்கிறது, இடது பக்கம் சில்லை (கதவுக்குக் கீழே ஓடுகிற பாடித் தகடு) வெட்டி எடுத்திருக்கிறார்கள், மீதிச் சாமான் எல்லாம் அட்டைப் பெட்டிகளில். இரண்டாவது 1977, கறுப்பு ரப்பர் பம்பர், ஓடுகிற கார், 6,800 பவுண்டு. பெயின்ட் சுமார், உள்ளே சீட் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, மற்றபடி பளிச்சென்றுதான் தெரிகிறது.

பார்க்க அழகு முதல் கார்தான். ஆனால் எவ்வளவு செலவு இழுக்கும் என்று புரியவில்லை. எனக்கு ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது வரை தெரியும், வெல்டிங் தெரியாது. நாமே செய்து முடிக்கக்கூடிய வேலையா இது? வருடச் செலவு எவ்வளவு வரும்? அப்புறம், போட்ட காசு திரும்பி வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ரீடிங் மாறன்:

செந்தில், என்னிடம் 1973 ஜிடி இருக்கிறது, பல வருடமாக வைத்து ஓட்டுகிறேன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போட்ட காசு திரும்பி வராது. நீங்களே உட்கார்ந்து செய்தால் ஓரளவுக்குக் கணக்கு சரிக்கட்டும், பட்டறையில் கொடுத்துச் செய்தால் நிச்சயம் நஷ்டம். எம்ஜிபி அபூர்வமான கார் இல்லை. 1962இலிருந்து 1980 வரை ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து தள்ளியிருக்கிறார்கள். அதனால்தான் விலை ஏறுவதில்லை, அதனால்தான் ஸ்பேர் மலிவாகவும் கிடைக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் வரும்.

இப்போது 1972 காரைப் பற்றி. இந்தக் காருக்குத் தனியாகச் சேஸிஸ் கிடையாது. பாடிதான் சேஸிஸ். கதவுக்குக் கீழே ஓடுகிற சில்தான் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிடித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே தகடு மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே அடுக்கடுக்காக இருக்கிறது: வெளிச் சில், அதற்குப் பின்னால் செங்குத்தாக ஒரு நடுத்தகடு, அப்புறம் உள் சில், அடியில் காசில் ரெயில் என்று சொல்கிற ஒரு வளைந்த பட்டை. தண்ணீரும் சாலையில் தூவுகிற உப்பும் முன் மட்கார்டுக்குப் பின்னால் சேர்ந்து, அங்கிருந்து சில்லுக்குள் இறங்கிவிடும். வெளியே கொப்புளம் தெரிகிற நாளில் உள்ளே நடுத்தகடு பாதி பொடியாகியிருக்கும். வெளிச் சில்லை மட்டும் மாற்றி மேலே பெயின்ட் அடித்து விற்ற கார்கள் இந்த ஊரில் ஏராளம்.

சில்லை வெட்டுவதற்கு முன்னால் காரை நேராகத் தாங்கல் கொடுத்து நிறுத்தி, கதவு இடைவெளியில் குறுக்கே கம்பி பற்றவைத்து இறுக்க வேண்டும். ஜிடிக்கு மேலே கூரை இருப்பதால் கூரையில்லாத ரோட்ஸ்டர் அளவுக்கு வளையாது, ஆனாலும் கொஞ்சம் இறங்கினால் போதும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது. நீங்கள் சொல்லும் காரில் சில்லை வெட்டியவர் தாங்கல் கொடுத்துத்தான் வெட்டினாரா என்று உங்களுக்குத் தெரியாது. அதற்காகவே நான் அந்தக் காரைத் தொட மாட்டேன். பெட்டிச் சாமான் இன்னொரு தலைவலி. கழற்றிய ஆளுக்குத்தான் எந்த போல்ட் எங்கே என்று தெரியும்.

செலவுக் கணக்கு தோராயமாகச் சொல்கிறேன், இடத்துக்கு இடம் மாறும். இரண்டு பக்கமும் சில் வேலையை நல்ல ஆளிடம் கொடுத்தால் 3,000, 4,000 பவுண்டு ஆகும். அவர் தரை, பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடம், மட்கார்டின் அடிப்பக்கம் என்று திறக்கத் திறக்க இன்னும் கண்டுபிடிப்பார். ஒழுங்கான பெயின்டுக்கு 5,000 வையுங்கள். என்ஜின் ஓவர்ஹால் 2,500க்குக் குறையாது. குரோம், ரப்பர் பீடிங், கார்ப்பெட், சீட் இதெல்லாம் சின்னச் சின்னதாகத் தெரியும், கூட்டினால் இரண்டாயிரத்தைத் தாண்டும். கார் விலையையும் சேர்த்தால் பதினாறாயிரம், பதினேழாயிரத்தில் வந்து நிற்பீர்கள். அந்தக் காசுக்கு ஏற்கனவே யாரோ செலவழித்து முடித்து, நன்றாக வைத்திருக்கிற ஜிடியையே வாங்கி, மிச்சத்தில் சில வருடம் பெட்ரோலும் போடலாம். பாடி முழுக்கப் போய்விட்டது என்றால் விட்னியில் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே புதிய எம்ஜிபி பாடி செய்து தருகிறது, 1988இலிருந்து செய்கிறார்கள். அருமையான வேலை, ஆனால் வெறும் பாடியே பத்தாயிரத்தைத் தாண்டும். அது ரோட்ஸ்டரை உயிராக நினைப்பவர்கள் செய்கிற காரியம்.

வருடச் செலவில்தான் இந்தக் கார் உங்களைச் சந்தோஷப்படுத்தும். நாற்பது வருடம் தாண்டியதால் சாலை வரி பூஜ்யம், ஆனால் வரியில்லாவிட்டாலும் வருடா வருடம் பதிய வேண்டும். எம்ஓடி என்கிற வருடாந்தரத் தகுதிச் சோதனையும் 2018 மே மாதத்திலிருந்து கட்டாயமில்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால். நான் கட்டாயமில்லாவிட்டாலும் வருடம் ஒரு முறை கொண்டுபோய்ச் சோதித்துவிடுகிறேன், லிஃப்டில் தூக்கி இன்னொருவர் கண்ணால் அடியைப் பார்ப்பதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது. ஹிஸ்டாரிக் என்று பதிவான கார் என்பதால் லண்டனில் புகை மாசுக்காக வாங்குகிற யூலெஸ் கட்டணமும் இல்லை. இன்ஷூரன்ஸ் கிளாசிக் பாலிசியாக எடுங்கள், எனக்கு வருடம் 200 பவுண்டுக்குள் முடிகிறது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதி வாங்கிக்கொள்ளும் பாலிசியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து என்று வரும்போது பழைய கார் விலை போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

ரப்பர் பம்பர் காரைப் பலரும் மட்டமாகப் பேசுவார்கள். 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக அந்தப் பம்பரை மாட்டி, காரையும் கொஞ்சம் உயர்த்திவிட்டார்கள். அதனால் வளைவில் சாய்வு கூடியது உண்மை. ஆனால் 1977 மாடலுக்குள் வரும்போது பின்னாலும் சாய்வைக் குறைக்கிற ஆன்டி ரோல் பார் வைத்து ஓரளவு சரிசெய்துவிட்டார்கள், ரேடியேட்டருக்கு எலெக்ட்ரிக் ஃபேனும் வந்துவிட்டது. சீட்டுக்குப் பின்னால் ஆறு வோல்ட் பேட்டரி இரண்டை வைத்து அவஸ்தைப்படுவதும் இதில் இல்லை, ஒரே பன்னிரண்டு வோல்ட். விலையும் குறைவு. ஓட்டுவதற்கென்று வாங்குகிறவருக்கு அது நல்ல கார்.

என் கருத்து: காசைத் தகட்டுக்குக் கொடுங்கள். என்ஜின் புகை விட்டாலும் பரவாயில்லை, கியர்பாக்ஸ் சத்தம் போட்டாலும் பரவாயில்லை, பாடி திடமாக இருக்கிற காரை வாங்குங்கள். இயந்திரச் சாமான் எல்லாம் நாளைக்கே தபாலில் வரும்.


லெஸ்டர் செந்தில்:

மாறன் அண்ணா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. கம்பி பற்றவைத்து இறுக்குகிற விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. 1972ஐ விட்டுவிடலாம் என்றுதான் படுகிறது.

ஆனாலும் ஒரு குறை. நானே கையால் செய்து ஒரு காரை மீட்டேன் என்கிற திருப்தி வேண்டும் என்றுதான் இதில் இறங்கவே நினைத்தேன். ஓடுகிற காரை வாங்கினால் அது கிடைக்காதே?


பர்மிங்காம் வாணி:

ஏன் கிடைக்காது? தாராளமாகக் கிடைக்கும். நான் 1966 மாரிஸ் மைனர் வைத்திருக்கிறேன். வாங்கும்போதே ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பகுதியாகப் பிரித்துச் சரிசெய்து வருகிறேன். ஒரு வருடம் பிரேக், அடுத்த வருடம் முன் சஸ்பென்ஷன், அதற்கடுத்து வயரிங். ஏப்ரல் வந்தால் கார் சாலையில் இருக்கும். மொத்தமாகப் பிரித்துப் போட்டவர்களில் பலர் நடுவில் குழந்தை, வேலை மாற்றம், வீடு மாற்றம் என்று ஏதோ ஒன்று வந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் பார்த்த 1972ம் அப்படி நின்றதாகத்தான் இருக்கும்.

இந்தக் கார்களின் அருமை என்ன தெரியுமா, ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். எஸ்யூ கார்ப்பரேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்று, உங்கள் எம்ஜிபிக்கு இரண்டு. சமையலறை மேசையில் பழைய துணி விரித்துப் பிரித்துவிடலாம். மேலே மூன்று ஸ்க்ரூ கழற்றினால் மணி மாதிரி ஒரு மூடி வரும், உள்ளே ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் ஒல்லியான ஊசி. காற்று எவ்வளவு இழுக்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் மேலே ஏறும், கூடவே ஊசியும் ஏறி ஜெட்டில் இடைவெளி விடும், அந்த அளவுக்குப் பெட்ரோல் போகும். அவ்வளவுதான் சங்கதி. சுத்தமாகத் துடைத்து மாட்டிவிட்டு, பிஸ்டனை விரலால் தூக்கி விட்டால் சீராக இறங்கிக் கடைசியில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். என் மைனரில் இருக்கிற வகையில் அது கேட்டால் ஊசி நடுவில் நிற்கிறது என்று அர்த்தம். கேட்கவில்லை என்றால் எங்கேயோ உரசுகிறது, ஜெட்டைத் தளர்த்தி மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். மேலே நடுக்குழாயில் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட வேண்டும், அது இல்லாவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கார் திணறும். அந்த ‘டக்’ சத்தத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

வெல்டிங் தெரியாது என்று பயப்பட வேண்டாம். பல ஊர்களில் கல்லூரிகளில் மாலை வகுப்பாகச் சொல்லித்தருகிறார்கள், நான் அப்படித்தான் மிக் வெல்டிங் கற்றேன். முதலில் பழைய தகட்டுத் துண்டுகளில் பழகிவிட்டு, பேட்டரித் தட்டு மாதிரி வெளியே தெரியாத இடத்தில் ஆரம்பிக்கலாம். சில் வேலை மட்டும் ஆரம்பத்தில் வேண்டாம்.

பெட்ரோல் பற்றி ஒன்று. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோல் எல்லாம் இ10, பத்து சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பர் ஹோஸை அது அரித்து விரிசல் விடவைக்கும், என்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சூப்பர் கிரேடு இ5 போடுங்கள், விலை கூடத்தான், பரவாயில்லை. காரை வாங்கின கையோடு எல்லாப் பெட்ரோல் ஹோஸையும் எத்தனாலைத் தாங்குகிற வகைக்கு மாற்றிவிடுங்கள், முப்பது நாற்பது பவுண்டு வேலை.

மைனர் பக்கம் யாராவது வந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன் சக்கரத்தைத் தாங்குகிற கீழ் ட்ரன்னியனுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால் மரை தேய்ந்து ஒரு நாள் கழன்றுவிடும், சக்கரம் அப்படியே மடங்கிப் படுத்துவிடும். வேகத்தில் நடந்தால் ஆபத்து. கிரீஸ் கன்னுக்கு ஆகிற செலவு ஒன்றுமே இல்லை, தவறாமல் அடித்தால் போதும். அலெக் இஸிகோனிஸ் 1948இல் கொண்டுவந்த வடிவம், பதினாறு லட்சம் கார் செய்தார்கள், இன்றைக்கும் சாமான் கிடைக்காமல் நான் நின்றதே இல்லை.

பக்கத்துத் தெருவில் லாங்பிரிட்ஜ் ஆலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் பானெட்டைத் திறந்து வைத்தால் போதும், வந்துவிடுவார். வால்வை இயக்குகிற டேப்பட்டின் இடைவெளி எப்படி வைப்பது, எந்தச் சத்தம் எதற்கு என்று அவரிடம் கற்றதைப் புத்தகத்தில் கற்க முடியாது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடத்தில் அக்கம்பக்கத்து ஆட்கள் எனக்கு இவ்வளவு நெருக்கமானது இந்தக் காரால்தான்.


வடமராட்சி வாசன்:

இங்கிலாந்து ஆக்கள் கதைக்கிற இடத்தில் நானும் வந்து எழுதலாம்தானே? நான் யாழ்ப்பாணம். எங்களிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெட் ஒன்று நிற்கிறது, அப்பா ஹயருக்கு ஓடின கார். யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் கலியாண வீடா, ஆசுபத்திரியா, கோயிலா, எல்லாத்துக்கும் ஏ40தான். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எத்தனை பேரை ஏற்றி இறக்கியிருக்கும் என்று கணக்கில்லை.

வாணி அக்கா எழுதின, கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்ளலாம் என்ற விசயத்துக்கு எங்கட அனுபவம் ஒன்று. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கிடைத்தாலும் தங்க விலை. அப்போது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் கட்டி வைத்திருப்பார்கள். அதில் ஸ்ரார்ட் பண்ணி, என்ஜின் நல்லாய்ச் சூடேறினபிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. நிற்பாட்டுவதற்கு முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி அதைக் கொஞ்சம் எரிய விட வேணும், இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நின்று அடுத்த முறை ஸ்ரார்ட் வராது. புகை, மணம், இழுவை குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் ஓடினது. கொம்பிறசன் குறைந்த பழைய என்ஜின் என்பதால்தான் அது நடந்தது, இன்றைய காரில் நினைத்தும் பார்க்க ஏலாது.

சாமானுக்கு இங்கே லேத் பட்டறைதான் கடவுள். புஷ், பின், பிரேக் சிலிண்டர் சிலீவ் எல்லாம் கடைந்து எடுப்பார்கள். மொறிஸ் மைனருக்கு இலங்கையில் செய்த பாடித் தகடுகள் ஒரு காலம் இங்கிலாந்துக்கே போனது, அங்கே மைனர் வைத்திருக்கிற சிலருக்கு அது தெரிந்திருக்கும்.

காசு விசயத்தில் எங்கட நிலைமை உங்களுக்கு நேர்மாறு. 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதியை நிற்பாட்டி வைத்திருந்தபோது பழைய கார் எல்லாத்துக்கும் விலை ஏறிவிட்டது, மைனரும் ஏ40உம் சேர்த்துத்தான். அதனால் கன பேர் ஜப்பான் என்ஜின், ஜப்பான் கியர்பொக்ஸ் ஏற்றி ஓடுகிறார்கள். தினசரி ஓட்டத்துக்கு அது வசதி, குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரிஜினல் என்ஜினைப் பழைய இரும்புக்குப் போடுவதைப் பார்க்கத்தான் மனம் கேட்குதில்லை. தயவுசெய்து எடுத்து, எண்ணெய் பூசி, ஒரு மூலையில் வையுங்கோ. பின்னால் ஒருவர் திரும்பப் பூட்டுவார்.

செந்தில் தம்பி, நீங்கள் இருக்கிற நாட்டில் உப்புத்தான் எதிரி. இங்கே கடற்காற்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: அடிப்பக்கம் முழுக்க வடிவாகக் கழுவிக் காயவிட்டு, பெட்டி மாதிரி மூடின இடங்களுக்குள் மெழுகு எண்ணெய் அடித்துவிடுவது. வருசம் ஒருக்கா.


தாம்பரம் பாலாஜி:

வாசன் அண்ணன் எழுதியதைப் படித்ததும் என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். ட்ரையம்ஃப் ஹெரால்டை வண்டலூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961இலிருந்து செய்தது. மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் வரைந்த கார். நாலு கதவு ஹெரால்ட் நம்ம ஊரில் மட்டும்தான் உண்டு, இங்கிலாந்தில்கூடக் கிடையாது.

மாறன் சொன்ன சில் விவகாரம் இதில் வேறு மாதிரி. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு மேலே வைத்திருக்கிறார்கள். பானெட்டும் மட்கார்டும் ஒன்றாக முன்பக்கமாகச் சாயும், என்ஜினுக்குப் பக்கத்தில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். சொந்தமாக வேலை கற்றுக்கொள்ள நினைக்கிறவருக்கு இதைவிட நல்ல கார் இல்லை என்பேன். செந்தில், இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டும் எம்ஜிபியைவிடக் குறைந்த விலைக்கு வரும், ஒரு தடவை பாருங்கள்.

வாணி மேடம் சொன்ன ட்ரன்னியன் இதிலும் உண்டு, ஆனால் இதற்குக் கிரீஸ் அடிக்கக் கூடாது. இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் மரைக்குள் போகாமல் நின்றுவிடும், உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து ஒரு நாள் உடையும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் பழக்கத்தில் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பார்கள், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையில் செலவு எங்கே போகிறது என்றால், சாமானுக்குத்தான். டிங்கரிங் வேலைக்கு இங்கே இன்னும் கைதேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு தகடும் சுத்தியலும் கொடுத்தால் மட்கார்டையே அடித்து எடுத்துவிடுவார்கள், கூலியும் இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு. ஆனால் பட்டி போடாமல் தகட்டிலேயே முடித்துக் கொடுங்கள் என்று முன்கூட்டியே பேசி, வாரம் ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ரப்பர், வாட்டர் பம்ப் கிட், பிரேக் சாமான் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறேன். சாமான் விலையைவிடத் தபால் கட்டணமும் சுங்க வரியும் சில சமயம் அதிகமாகிவிடும். அதனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பார்சலாக வரவழைக்கிறோம்.

காகித வேலை வேறு. 2021இல் விண்டேஜ் வாகனத்துக்கென்று தனி விதி வந்திருக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனி நம்பர் தருகிறார்கள், முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கினால் தினசரி உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. ஆர்சியைப் புதுப்பித்து வைத்திருக்கிறவர்கள் அவசரப்பட்டு மாறாமல் யோசித்துச் செய்யுங்கள். பெசன்ட் நகருக்கு ஞாயிறு காலையில் இட்லி சாப்பிடப் போவதற்கென்றே கார் வைத்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அந்த விதி ஒத்துவராது.


லெஸ்டர் செந்தில்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வாசன் அண்ணா, எங்கள் தாத்தாவும் மண்ணெண்ணெய் பஸ் பற்றிச் சொல்லியிருக்கிறார், ஆனால் இப்படி விவரமாக யாரும் சொன்னதில்லை.

முடிவு செய்துவிட்டேன், 1977தான். வாணி சொன்ன மாதிரி ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்கிறேன். இந்த வாரக் கடைசியில் நேரில் பார்க்கப் போகிறேன். மாறன் அண்ணா, போனால் எதைப் பார்க்க வேண்டும், எப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?


ரீடிங் மாறன்:

நல்ல முடிவு. காலையில் போங்கள், நீங்கள் வருவதற்கு முன்னால் என்ஜினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் உண்மையைச் சொல்லும். பானெட் மேல் கை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

முதல் வேலை பாடி. கதவுக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ் வரை ஒரே அளவாக இருக்கிறதா பாருங்கள். மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சில்லிலும் முன் மட்கார்டின் பின்பக்கக் கீழ் மூலையிலும் பின் சக்கர வளைவிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பட்டிதான். ஜாக் வைக்கிற இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். தூக்கும்போது கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், இடிக்கவே கூடாது. விற்பவர் ஜாக் வைக்கத் தயங்கினால் அப்படியே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். உள்ளே கார்ப்பெட்டைத் தூக்கித் தரையை விரலால் அழுத்துங்கள், பின்பக்கம் பேட்டரிப் பெட்டியை டார்ச் அடித்துப் பாருங்கள், காருக்கு அடியில் பின் ஸ்பிரிங்கின் முன் முனை மாட்டியிருக்கிற இடத்தை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். ‘டங்’ என்று கேட்டால் சரி, ‘தொப்’ என்று கேட்டால் சரியில்லை.

என்ஜின் 1,798 சிசி, பி சீரிஸ், ஐந்து பேரிங், முரட்டு என்ஜின். டேப்பட் சத்தம் லேசாக இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், முழு அமைதியாக இருந்தால்தான் இடைவெளி போதவில்லையோ என்று யோசிக்க வேண்டும். சூடான பிறகு நாற்பது ஐம்பது மைலில் போகும்போது ஆயில் அழுத்தம் ஐம்பது பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் விட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள், கண்ணாடியில் நீலப் புகை தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் வால்வ் கைடு தேய்ந்திருக்கிறது, ஹெட்டைக் கழற்றிச் செய்கிற வேலை. அப்படியே ஹெட் வெளியே வருகிறபோது ஈயமில்லாப் பெட்ரோலுக்கேற்ற கெட்டி வால்வ் சீட்டும் வைத்துவிடலாம், ஏற்கனவே வைத்திருக்கிறார்களா என்று பில்லைக் கேளுங்கள்.

ஓவர்டிரைவ், அதாவது நான்காவது கியருக்கு மேல் இன்னொரு கியர் மாதிரி என்ஜின் வேகத்தைக் குறைக்கிற ஏற்பாடு, கட்டாயம் சோதிக்க வேண்டும். இந்த மாடலில் ஸ்விட்ச் கியர் குமிழின் மேலேயே இருக்கும். நான்காவது கியரில் ஐம்பது மைலில் போய்ப் போடுங்கள், ஆர்பிஎம் உடனே இறங்க வேண்டும். வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் ஒயர் அல்லது ஸ்விட்ச், சில சமயம்தான் உள்ளே பழுது. ஆனாலும் விலையில் அதைச் சொல்லிக் குறைக்கலாம். நெடுஞ்சாலையில் ஓவர்டிரைவ் இல்லாமல் இந்தக் காரை ஓட்டினால் காது வலிக்கும்.

கிளட்சில் ஒரு விஷயம். ரிலீஸ் பேரிங் பந்து பேரிங் கிடையாது, வெறும் கார்பன் வளையம். கிளட்ச் மேல் கால் வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதை மாற்ற என்ஜினையே வெளியே எடுக்க வேண்டும். சிக்னலில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுத்துவிடுங்கள். முன் சக்கரக் கிங்பின்னுக்குக் கிரீஸ் அடித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள், நிப்பிளைச் சுற்றிப் பழைய கிரீஸ் அப்பியிருந்தால் நல்ல அறிகுறி, காய்ந்து துருவாக இருந்தால் முன்பக்க வேலை கூடிய சீக்கிரம் வரும்.

வி5சி என்கிற பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் காரில் உள்ள தகட்டோடு ஒப்பிடுங்கள். பழைய எம்ஓடி விவரம் அரசாங்க இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், நம்பரைப் போட்டு வீட்டிலிருந்தே பாருங்கள், துரு பற்றி எழுதியிருப்பதை எல்லாம் குறித்துக்கொண்டு போங்கள். கடைசியாக டயர். தடம் நிறைய இருந்தாலும் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள், முதல் இரண்டு இலக்கம் டயர் செய்த வாரம், அடுத்த இரண்டு இலக்கம் செய்த வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால் நான்கும் மாற்ற வேண்டும், அந்தக் காசை 6,800இல் கழித்துப் பேசுங்கள். என்னைக் கேட்டால் சில் நன்றாக இருந்தால் 6,200க்கு முடிக்கலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் நானும் வருகிறேன், தனி மடலில் முகவரி அனுப்புங்கள்.